துமிராவின் வீடு நடந்து போன வழி

துமிரா எருமை முதுகில் பிறந்தவள் என்று எங்கள் ஊர் வாருடோயோங்கில் சொல்வார்கள். அவள் அம்மா நடவுக்குப் போன அன்று வாய்க்கால் பெருகிக் கிடந்தது. எருமை மேல் ஏறிக் கடந்தாள். இக்கரையில் ஒரு ஆளாக ஏறியவள் அக்கரையில் இரண்டு ஆளாக இறங்கினாள். அது எந்த எருமை என்று கேட்டால் ஆளுக்கொரு எருமையைக் காட்டுவார்கள். அவற்றில் பாதி அன்றைக்குப் பிறந்திருக்கவே முடியாது. எனக்கு இதில் சந்தேகம் கிடையாது. துமிராவின் கழுத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வராது. யார் அழுத்தினாலும் குனியாத கழுத்து அது.

குரலும் அப்படித்தான். நெல் பால் பிடிக்கும்போது மற்றவர்கள் கயிறு கட்டி, தகரம் கட்டி, நாளெல்லாம் ஆட்டிக் குருவி விரட்டுவார்கள். துமிரா வரப்பில் உட்கார்ந்து ஒரு தடவை இருமுவாள். குருவிகள் எரிமலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் இறங்கும். அங்குள்ளவர்கள் எங்கள் ஊர்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார்கள்.

அவள் புருஷன் கர்சோனோ தென்னை ஏறி, பாளை சீவி, வெல்லம் காய்ச்சுகிறவன். ஒரு மழைநாள் காலையில் வழுக்கி விழுந்து போய்விட்டான். அவன் விட்டுப் போனவை மூன்று: மதகுக்குக் கீழே ஒரு துண்டு வயல், அதன் ஓரத்து மேட்டில் இரண்டு தென்னை, ஊர்க்கோடியில் மூங்கில் தட்டிச் சுவரும் கரும்புச்சோகைக் கூரையுமாக ஒரு வீடு. வயலும் தென்னையும் சொந்தம். வீடு நின்ற இடம் மட்டும் ஊர்த்தலைவரின் பதவி நிலம். பதவியில் இருக்கிறவர் சம்பளத்துக்குப் பதிலாக உழுது கொள்ள ஊர் விட்டிருப்பது. பழைய தலைவர், "இருந்துட்டுப் போங்க" என்று வாயால் சொன்னார். அது போதுமானதாக இருந்தது, அவர் இருந்தவரை.

புதிய தலைவர் விர்யோ. எங்கள் பக்கம் ஊர்த்தலைவரை எல்லோரும் பாக் லூரா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல உயரம், நல்ல மீசை, வீட்டு முகப்பில் பூ வேலை செய்த தேக்குத் தூண்கள். அந்தத் தூண்களைத் தினமும் காலையில் அவரே துடைப்பார். பெண்டாட்டியைக்கூடத் தொடவிட மாட்டார். ஒரு நாள் துமிரா அம்மியில் மிளகாய் நசுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார்.

"துமிரா, இந்த எடத்துல கரும்பு வைக்கலாம்னு இருக்கேன்."

"வைங்க பாக் லூரா. என் படுக்கைக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?"

"வெளையாடாத. நெலம் என் பதவிக்கு விட்டது. வீடு உன்னோடது, நான் ஒண்ணும் பிடுங்கல. கரும்பு நடறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடு."

"எங்க போறது?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் உங்கண்ணன் இருக்காரில்ல. தனியா இருக்கற பொம்பள, கூடப் பொறந்தவங்களோட இருக்கறதுதான் மரியாதை."

"என் வயல் இங்கல்ல இருக்கு?"

"அங்கேருந்து வந்து பாக்க முடியாதுதான். நானே வாங்கிக்கறேன்."

துமிரா குழவியை நிறுத்தினாள். கரும்பு எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. வீடு போனால் ஊர் போகும், ஊர் போனால் வயல் போகும். அவர் கேட்டது வீட்டு இடத்தை அல்ல.

"அப்போ என் வயல்மேட்டுலயே இருந்துக்கறேன். தென்னை மரத்தடியில எடம் கெடக்கு."

"மதகுகிட்டயா?" பாக் லூராவின் மீசை லேசாகத் துடித்தது. "அங்க யாரும் வீடு கட்டக் கூடாது. ஊர்க் கூட்டத்துலயே சொல்லியிருக்கேன்."

"கட்டக் கூடாது."

"கட்டவே கூடாது."

"சரி, கட்டல" என்று சொல்லிவிட்டு துமிரா மறுபடி மிளகாய் நசுக்க ஆரம்பித்தாள்.

மதகுப் பக்கம் வீடு வந்தால் அவருக்கு ஏன் மீசை துடிக்க வேண்டும் என்பது கீழ்வயல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் முறை கீழ்வயலுக்கு வரும் நாட்களில், மதகில் எங்கிருந்தோ ஒரு வாழைத்தண்டு வந்து படுத்துக்கொள்ளும். தண்ணீர் சங்கடப்பட்டுக்கொண்டு திரும்பி பாக் லூராவின் வயலுக்குப் போய்விடும். கேட்டால், "காத்துல வந்திருக்கும்" என்பார். எங்கள் ஊர்க் காற்று வாழைத்தண்டைத் தோளில் சுமந்து வந்து, அளவு பார்த்து, மதகில் செருகிவிட்டுப் போகிற காற்று.

இப்போது வீடு தூக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகள் மண்ணுக்குள் கால் இறக்கி நிற்பவை அல்ல, கல்லின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பவை; உள்ளே வெறும் மண் தரைதான். இடம் மாற வேண்டுமானால் பிரிக்க வேண்டியதில்லை. குறுக்கும் நெடுக்குமாக மூங்கில் கட்டி, ஊரைக் கூப்பிட்டால், வீடு எழுந்து நடக்கும். கூப்பிட்டால் யாரும் மறுக்கக் கூடாது. கூலி கிடையாது, சோறு உண்டு. எல்லோரும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக அடி வைக்க, ஒன்று இரண்டு என்று எண்ணிக் கொடுப்பது தலைவர் வேலை. முக்கியமான ஒன்று: எழுந்த வீடு புது இடம் சேரும்வரை தரையைத் தொடக் கூடாது. நடுவழியில் 'இறக்கு' என்று யார் வாய் முதலில் சொல்கிறதோ, அவர் வீட்டு மரத்தில் கரையான் ஏறும். இது நிஜமா என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

துமிரா வீடு வீடாகக் கூப்பிடக் கிளம்பினாள். முதலில் டெம்பே விற்கும் பாய்க்கம் வீடு. சோயா அவித்து, வெள்ளையாகப் பூஞ்சை பூத்துக் கட்டியாவதற்காக வாழையிலையில் பொதிந்துகொண்டிருந்தாள்.

"எங்கக்கா கொண்டு போகப் போறோம்?"

"மதகு மேட்டுக்கு."

பாய்க்கம் கையிலிருந்த இலை நழுவியது. "பாக் லூராவுக்குத் தெரிஞ்சா?"

"அவரையும்தான் கூப்பிடப் போறேன். அவர் இல்லாம எப்படித் தூக்கறது?"

அடுத்து ஜமிங்கன். ஊரைக் கூட்ட மரமணி அடிப்பவன், கீழ்வயலின் கடைசித் துண்டுக்காரன். அந்த வருஷம் அவன் நாற்று மஞ்சளாகக் கிடந்தது.

"அவர் கையெழுத்து இல்லாம இந்த ஊர்ல பொணம்கூடப் பொதைக்க முடியாது அக்கா" என்றான். "எங்க போறீங்கன்னு அவர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"கேட்டா உண்மையச் சொல்லு. கேக்கலன்னா பல்லக் காட்டு."

ஜமிங்கன் தன் வயலைப் பார்த்தான். "மதகுகிட்ட ஒரு வீடு இருந்தா, அந்த வாழத்தண்டு எப்படி நடந்து வருதுன்னு பாக்கலாம், இல்லையா?"

"கதவத் தொறந்தே வெச்சிருப்பேன்."

கடைசியாக பாக் லூராவின் வீடு. அவர் தூணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளன்னைக்கு வீட்டத் தூக்கறோம் பாக் லூரா. நீங்க வந்து எண்ணிக் குடுக்கணும்."

அவர் முகம் அரிசி வெந்தது போல மலர்ந்தது. "உங்கண்ணன்கிட்ட சொல்லியாச்சா?"

"அண்ணனும் தூக்க வரார்."

"நல்லது, நல்லது. எண்ணறது மட்டுமில்ல, நானே தோள் குடுக்கறேன்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. துமிரா அவருக்கு நேரம் கொடுக்கத்தான் செய்தாள். படியில் நின்று புடவைத்துணியை உதறினாள், செருப்பை மாற்றி மாற்றி மாட்டினாள். அவர் கேட்கவே இல்லை.

தூக்கும் நாள் காலை நாங்கள் பெண்கள் மேட்டுத் தென்னையடியில் அடுப்பு மூட்டி உலை வைத்துவிட்டு, வீடு எழுவதைப் பார்க்கத் திரும்பி வந்தோம். ஜமிங்கன் மணியை அடித்தான். ஊர் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து துமிராவின் அண்ணன் சரிமின் கூட நாலு பேரோடு வந்தார். பாக் லூரா புதுக் கைலி, தலைக்கட்டு, குடை சகிதம் வந்தார். வெயில் ஏறியிருந்தது.

"வெளியில நின்னா சுடும் பாக் லூரா" என்றாள் துமிரா. "உள்ள, நடுவுல நில்லுங்க. நெழலா இருக்கும்."

அவர் உள்ளே போய் நடு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். நான்கு பக்கமும் தட்டிச் சுவர், தலைக்கு மேல் கூரை. உள்ளே நிற்கிறவருக்கு நிழல் கிடைக்கும், வழி தெரியாது.

அவர் எண்ணினார். வீடு எழுந்தது. என்னத்தைச் சொல்ல, அவ்வளவு அலுங்காமல் எழுந்தது. பரணில் அடைகாத்த கோழி கண் திறக்கவில்லை. உத்தரத்தில் தொங்கிய கெண்டியில் ஒரு சொட்டுத் தளும்பவில்லை. துமிரா விளக்கும் துடைப்பமும் தலையணையும் ஏந்தி முன்னால் நடந்தாள். புது வீட்டுக்குப் போகிறவள் அவற்றைப் பிறர் கையில் கொடுக்க மாட்டாள்.

வேலிக்காட்டைத் தாண்டினால் வழி பிரியும். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் வாய்க்கால். வீடு வலது பக்கம் திரும்பியது.

உள்ளிருந்து குரல் வந்தது. "கால் நனையுதேப்பா. ஆறு வந்துடுச்சா?"

"தண்ணி வந்துடுச்சு பாக் லூரா" என்றான் ஜமிங்கன், பக்கத்து மூங்கிலில் இருந்து. அதில் பொய் இல்லை.

இன்னும் கொஞ்ச தூரம். மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் யார்?

"நில்லுங்க" என்றார் பாக் லூரா. வீடு நின்றது. எல்லாத் தோள்மேலும் நின்றது. "இது என் மதகு."

"ஊர் மதகு" என்று யாரோ சுவருக்கு வெளியே சொன்னார்கள்.

துமிரா திரும்பி வந்து ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக்குள் பார்த்தாள். நடுவில் அவர், வியர்வையும் மீசையுமாக, தோளில் அவள் வீட்டோடு.

"எங்க கொண்டு போற?"

"என் வயல்மேட்டுக்கு."

"அங்க கட்டக் கூடாதுன்னு சொன்னேன்."

"ஒரு ஆணி அடிக்கல பாக் லூரா. இது அப்பவே கட்டின வீடு."

"ஏமாத்திட்ட."

"நீங்க எங்கன்னு கேக்கலையே. நான் போனா போதும்னு இருந்தீங்க." அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் நாங்கள் பயப்பட்டிருக்க மாட்டோம். "இந்த ஊர்ல எந்த வீடு எழுந்தாலும் சோறாக்கப் போனவ நான். உங்க தேக்குத் தூணெல்லாம் வந்து எறங்கினப்பவும் நான்தான் பான வெச்சேன். நான் இங்கேருந்து போக மாட்டேன். உங்களுக்கு வேண்டாம்னா எறக்கச் சொல்லுங்க. இங்கயே, நடு வழியில, சேத்துல இருந்துக்கறேன். வாயத் தொறந்து ஒரே வார்த்த சொல்லுங்க."

மூங்கில் முனகியது. சரிமின் மூங்கிலைத் தோள் மாற்றப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போனால் யாரும் சொல்லாமலே வீடு சேற்றில் விழும். துமிரா துடைப்பத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"தோள் போகுது பாக் லூரா" என்றான் ஜமிங்கன், மெதுவாக. "சொல்றதுன்னா சொல்லிடுங்க. எங்க வீடெல்லாம் மூங்கில்தான். கரையானுக்கு உங்க வீடுதான் பிடிக்கும்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவர் கண்முன் தூண்கள் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பூ வேலையோடு. பிறகு, கல்யாணத்தில் பெண் பேரை மறந்த மாப்பிள்ளை மாதிரி, தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். வீடு நடந்தது.

மேட்டில் கற்கள் தயாராக இருந்தன. வீடு அவற்றின் மேல் கால் வைத்து உட்கார்ந்தது. அதன் பிறகுதான் கோழி கண் திறந்து எங்களைப் பார்த்தது.

வெளியே வந்ததும் பாக் லூரா குடையை விரிக்காமலே சொன்னார், "நாளைக்கே திருப்பித் தூக்க வெக்கறேன்."

"வாங்க" என்றாள் துமிரா. "ஊரக் கூப்பிடுங்க. மணி அடிக்கணுமே, ஜமிங்கன் தம்பி?"

"கை வலிக்குது அக்கா."

"சோறாக்கணுமே, பாய்க்கம்?"

"டெம்பே இன்னும் பூக்கல அக்கா. இந்த வருஷம் பூக்குமான்னே தெரியல."

பாயில் தென்னையடி நிழலில் சோறு கூம்பாக நின்றது. சுற்றிலும் தேங்காய்ப்பூ போட்ட கீரை, கருவாடு, வறுத்த டெம்பே. பெரியவர் துஆ ஓதினார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். இனி கூம்பின் நுனியைத் தலைவர் எடுக்க வேண்டும். அவர் எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. எடுத்துவிட்டால், இந்த வீடு இங்கே இருப்பதற்கு அவரே சாட்சி.

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். அவசரம் ஒன்றும் இல்லை. துமிரா கருவாட்டை அவர் பக்கமாகத் தள்ளினாள். அப்புறம் மிளகாய்த் துவையலைத் தள்ளினாள். காற்றும் எங்கள் பக்கம் இருந்தது. பாக் லூராவின் வயிறு மதகைவிடச் சத்தமாகப் பேசியது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தென்னையை அண்ணாந்து பார்த்தார்கள்.

அவர் கை நீட்டி நுனியைக் கிள்ளினார்.

மறுநாள் காலை நான் அவளுக்குத் தேயிலை கொடுக்கப் போயிருந்தேன். கீழ்வயலின் தண்ணீர் முறை அன்று. பாக் லூரா தோளில் மண்வெட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். மதகு மேட்டில் துமிரா குந்தி உட்கார்ந்து எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி வாத்துகள்.

அவரைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, குருவி விரட்டும் அதே குரலில், கீழ்வயல் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"பாக் லூரா, உங்க வாழத்தண்டு ஒண்ணு இங்க படுத்திருந்துச்சு. வேற இருந்தாலும் அனுப்புங்க. வாத்துக்குப் பத்தல."