அபுல் ஹசன் வீட்டு நாலாவது விதி

பசைக் கிண்ணத்தில் விரலை விட்டு, சீட்டின் ஒரு விளிம்பில் மட்டும் தடவி, பக்கத்தின் மேல் வைத்து ஊதுகிறார் அபுல் ஹசன். ஏன் ஊதுகிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதால் அந்த விரல் நகம் வருஷம் முழுக்க நீலம்தான்.

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே பைண்டிங் கடை. டில்லியில் அரசியல் சட்டத்தைத் திருத்தினால், வக்கீல்களின் புத்தகங்கள், புது வரி அச்சடித்த திருத்தச் சீட்டோடு இங்கே வந்துவிடும். இந்த 1967 வரை இருபத்தோரு திருத்தம். புத்தகமெல்லாம் பிள்ளைத்தாய்ச்சி போல் புடைத்து நிற்கின்றன. சீட்டைத் தூக்கினால் கீழே பழைய வரி தெரிய வேண்டும் அவருக்கு. அதனால்தான் ஓரம் மட்டும் பசை.

"பதினேழு வருசத்துல இத்தனை ஒட்டா? இது இந்தக் காலத்துக்கு ஆவாது பாய். கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதணும்" என்று ராமாமிர்தம் வக்கீல் வம்புக்கு இழுப்பார்.

"எழுதுனவுங்க வெவரமானவுங்க ஐயா. நமக்கு எல்லாம் தெரியாதுன்னு, திருத்தறதுக்கும் அதுலயே வழி வச்சுட்டுப் போயிருக்காங்க. சீட்டு ஏத்துக்காத சட்டந்தான் செத்த சட்டம்" என்பார் இவர்.

ஊருக்கு இப்படி நியாயம் பேசுகிற மனுஷர் வீட்டில் எப்படி? அங்கேதான் இருக்கிறது சங்கதி. நாடு குடியரசான வருஷமே அவருக்கும் நிக்காஹ். அந்த மிதப்பில் வீட்டுக்கென்று ஐந்து விதி எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். பிள்ளையே பிறக்காத நாளில் எழுதிய நாலாவது விதி: 'பெண் மக்கள் ஊர் தாண்டிப் படிக்கப் போகலாகாது.'

போன மாதம் மகள் சுல்தானா எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியிலேயே முதலாக வந்தாள். சிதம்பரத்தில் பி.யூ.சி. படிக்க இடமும் கிடைத்தது. வியாழக்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும். அபுல் ஹசன் பீரோக் கதவைக் காட்டினார். அவ்வளவுதான் பேச்சு. பெண் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை மனைவி ஜொஹரா பீவி கடைக்கே வந்துவிட்டார். அதுவரை கடை வாசலை மிதிக்காதவர். பீரோவிலிருந்து பிய்த்த தாளைப் பலகைமேல் வைத்தார். ராமாமிர்தம் வக்கீலும் அங்கேதான் நின்றிருந்தார்.

"இதுக்கும் ஒரு சீட்டு ஒட்டிக் குடுங்க. முடியாதுன்னா, ஐயா சொல்றாப்ல கிழிச்சுப் போட்டுட்டு நானே புதுசா எழுதிக்கிறேன்."

வக்கீலுக்குக் கொண்டாட்டம். "பாய், திருத்தறதுக்கு இதுல வழி வச்சிருக்கீங்களா?"

அபுல் ஹசன் ஐந்து விதியையும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"மறந்துட்டேன் ஐயா" என்றார், பாதி வெட்கமும் பாதி சிரிப்புமாக.

'பெண் மக்கள் ஊர் தாண்டிப் படிக்கப் போகலாம்' என்று ஒரு சீட்டில் எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பழைய வரி யார் கண்ணுக்கும் தெரியாதபடி முழுச் சீட்டுக்கும் பசை தடவி ஒட்டினார். அன்று ராத்திரி வீட்டில் சேமியா பாயசம்.

மறுநாள் மூவரும் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினார்கள். வழியெல்லாம் சுல்தானா வாய் ஓயவில்லை. "அத்தா, நான் சட்டம் படிக்கட்டா?" என்றுகூடக் கேட்டாள். கேட்கக் கேட்க அவருக்கு மனசு குளிர்ந்தது.

கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா விண்ணப்பத்தை நீட்டி, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைக் காட்டினார். ஒருவருக்கென்று அளந்து போட்ட கோடு. அபுல் ஹசனின் கையெழுத்து சாதாரணமாக ஒரு சாண் ஓடும். அதைச் சுருக்கி, இடது ஓரத்தில் பாதிக்குள் அடக்கினார். பிறகு பேனாவை ஜொஹரா பீவியிடம் நீட்டினார்.