தோற்றதற்கு ஒரு தேங்காய்

அவுஸ்திரேலியாவின் டண்டினொங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில், உடுப்புக் காயப்போட என்று வாங்கிய கயிறு என் உயரம் பாய்தலுக்குத்தான் அதிகம் பயன்பட்டது. அம்மாவின் உடுப்புகள் கதிரைகளில் காய்ந்தன. அப்பா யாழ்ப்பாணத்தில் தன் பள்ளிக்கூடத்துக்காக உயரம் பாய்ந்தவர். அதை நாங்கள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார்.

என் பள்ளிக்கூடத்தில் சிறு வகுப்புகளுக்குக் கத்தரிப் பாய்ச்சல் மட்டும்தான் அனுமதி. ஒரு காலை வீசி, பின் மறுகாலையும் எடுத்து, நிமிர்ந்தபடியே கம்பைக் கடக்க வேண்டும். முதுகைக் காட்டி விழுவதெல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு. தன் காலத்துப் பாய்ச்சலையே நானும் பாய்கிறேன் என்பதில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாடுகளுக்கிடையே போட்டிகள் தொடங்கிய காலத்துப் படமொன்றைத் தொலைபேசியில் தேடிக் காட்டினார். மீசைக்காரர் ஒருவர், பக்கத்து வீட்டு வேலியைக் கடப்பவர்போல, கம்புக்கு மேலே நிமிர்ந்திருந்தார். கீழே வெறும் புல்.

“அப்ப மெத்தை இல்லைப் பிள்ளை. விழுந்தாலும் நிண்டுதான் விழோணும்” என்றார் அப்பா.

அம்மாவுக்கு இந்தக் கூத்து எதுவும் பிடிக்கவில்லை. நாங்கள் படகில் வந்தவர்கள், தற்காலிக விசாவில் இருந்தவர்கள். எவர் கண்ணிலும் படாமல் இருப்பதே அம்மாவின் சட்டம். வகுப்புப் படத்தில் நான் பின்வரிசையில் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். கோயிலில் யாராவது கமராவைத் தூக்கினால் எங்களை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விடுவார். ஊரில் மாமா இருந்தார். நாங்கள் எங்கே என்று விசாரித்து அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோவதாக அம்மாவும் அப்பாவும் குசினிக்குள் கதைத்ததை நானும் கேட்டிருக்கிறேன். அதற்கும் என் பாய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்றுதான் தெரியாது.

வட்டாரப் போட்டிக்கு நான் தெரிவானேன். முதலாவதாக வருபவரின் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும் என்று ரீச்சர் சொன்னதை வீட்டில் வந்து ஆசையாகச் சொன்னேன். அம்மா அகப்பையை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். பிள்ளையின் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்றார் அப்பா. அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றார். அன்று கறியில் உப்பு இல்லை. அப்பாவும் கேட்கவில்லை.

போட்டியன்று அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. அம்மாதான் வந்தார். எல்லோரும் கழிந்து, கடைசியில் நானும் நெட்டையான ஒரு பிள்ளையும் மிஞ்சினோம். அந்த உயரத்தில் அவள் தன் வாய்ப்புகள் எல்லாவற்றிலும் கம்பைத் தட்டிவிட்டாள். எனக்கு இன்னும் ஒன்று இருந்தது. கடந்தால் முதலிடம் எனக்கு. தட்டினால், முந்திய உயரங்களில் குறைவாகத் தட்டியவள் என்பதால் அவளுக்கு.

பத்திரிகைக்காரர் கமராவோடு மெத்தைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அம்மாவைத் தேடினேன். எல்லோருக்கும் பின்னால், கண்ணை இறுக மூடி, கைகூப்பி, உதடு அசைய நின்றார். அம்மா இப்படிக் கும்பிட்டால் பிள்ளையாரால் மறுக்க முடியாது. அந்தத் துணிவில் ஓடினேன்.

கடந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்பா சொன்னபடி நின்றுதான் விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் கம்பு ஆடிக்கொண்டிருந்தது. குதிக்கால் தொட்டிருக்க வேண்டும். நின்றுவிடும்போல இருந்தது. பிறகு விழுந்தது.

கமரா மற்றப் பிள்ளையிடம் போனது. அம்மா ஓடிவந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பஸ்ஸில் வீடு வரும்வரை நான் அழுதேன், அவர் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், வெளியே இருந்த சீமெந்துத் தொட்டியில் அம்மா ஒரு தேங்காயை ஓங்கி அடித்தார். அது நன்றாகவே சிதறியது.

“தோத்ததுக்கு ஏனம்மா தேங்காய்?”

“நேத்தி வைச்சனான். கேட்டதைத் தந்திட்டார்.”

கைகால் முறியாமல் நான் வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டிருப்பார் என நினைத்துக்கொண்டேன். தேங்காய்த் துண்டொன்றைக் கடித்தபடி நிமிர்ந்தபோது அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. கற்பூரப் புகை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கம்பு விழட்டும் என்று கும்பிட்டவரே அது விழுந்ததற்காக அழவும் கூடும் என்பது விளங்க, எனக்கு அப்போது வயது போதவில்லை.