பாட்டிலில் நல்ல தண்ணீர்

அறுபதுகளில், கோட்டைப்பட்டினக் கடலில் நீலப்பசும்பாசி எங்கெங்கே மிதக்கிறது என்று பார்த்துக் குறிப்பதுதான் என் ஆராய்ச்சி வேலை. பல நாள் வெறுங்கையோடு திரும்பிய பிறகு, காற்றே இல்லாத ஒரு பங்குனிக் காலையில் அது கண்ணில் பட்டது. மரம் அறுத்த தூளைக் கொட்டியதுபோல் கடல்மேல் பழுப்பாக ஒரு நீண்ட பட்டை. மாதிரிக்காக ஒரு பாட்டில் நிறைய முகந்துகொண்டேன்.

"இது வந்தா வலையெல்லாம் வழவழன்னு ஆயி நாறுங்க" என்று படகுக்காரர் முகம் சுளித்தார்.

கரையேறியதும் பாட்டிலை அவர் வீட்டு வாசல் நிழலில் வைத்துவிட்டு, கொல்லைக் கிணற்றில் குளிக்கப் போனேன். வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். திரும்பி வந்தால் பாட்டில் பளபளவென்று இருக்கிறது. உள்ளே தெளிந்த தண்ணீர்.

"குடிக்கிற தண்ணியில தூசி கெடந்துச்சு தம்பி. கொட்டிட்டு, சாம்பல் போட்டுக் கழுவி, நல்ல தண்ணி ஊத்திட்டேன். பஸ்ஸுல தாகமெடுக்கும்ல" என்றார் படகுக்காரரின் மனைவி.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்த வாயெடுத்தபோதுதான் அவர் பின்னால் இருந்த குடத்தைப் பார்த்தேன். இரண்டு மைல் நடந்து நல்ல தண்ணீர் கொண்டுவரும் குடம். காலியாகிக் கவிழ்ந்திருந்தது.

"சரிங்கக்கா, வாரேன்" என்றேன்.

புதுக்கோட்டை பஸ் அறந்தாங்கியைத் தாண்டுவதற்குள் அந்தத் தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டேன். மாதிரி கையில் இல்லாத இடத்தைக் குறிக்கக் கூடாது என்பது விதி. என் வரைபடத்தில் அந்த இடம் மட்டும் இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது.