சுவரைத் தொட்டுப் பார்ப்பவள்

போடியில் பதினைந்து வருடம் ஏலக்காய் தரம் பிரித்தவள் வீரலட்சுமி. இப்போது பெயிண்டரான புருஷன் கன்னையனோடு வீடு வீடாகப் போய்ச் சுவர் சுரண்டுகிறாள். உள்ளே விதையில்லாத பொக்குக் காயைத் தொட்டதுமே ஒதுக்கிய விரல்கள் சுவரிடமா ஏமாறும்?

சிலமலையில் சுருளியம்மாள் வீட்டில் விசேஷம் நெருங்கிவிட்டது. பழைய நீலச் சுண்ணாம்பின் மேலேயே பெயிண்ட் அடித்துத் தருவதாகக் கன்னையன் ஒப்புக்கொண்டிருந்தான். வீரலட்சுமி உள்சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"மாவா உதிருது. சுரண்டிக் கழுவாம டப்பாவத் தொறந்தீங்க, நான் பஸ்சேறிப் போயிருவேன்."

"சும்மா இரு. சுவரு கல்லு மாதிரி நிக்கிது. வெரசா முடிச்சுக் குடுக்கணும்ல?" சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டுதான் கன்னையன் அதைச் சொன்னான்.

"அப்பச் சரி, அடிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. அவன் சந்தோஷமாக டப்பாவை எடுக்கக் குனிந்தான். பின்னால் நின்ற சுருளியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏப்பா கன்னையா, எங்க வீட்டுச் சுவரு பாதி ஒன் சட்டை முதுகுல இருக்கே!"

வீரலட்சுமி முந்தானையால் அந்த நீலத்தைத் தட்டிவிட்டாள். நாலு தட்டில் சட்டை சுத்தமாகிவிட்டது. ஐந்தாவது, கன்னையனுக்கு.

அவன் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுச் சுரண்டும் தகட்டை எடுத்தான்.