மாடியில் செய்த குண்டுவிமானம்

வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் சோதனைக்காகச் செய்து பார்த்த, இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட குண்டுவீச்சு விமானம் ஒன்றின் பொம்மையை நேற்று என் மகன் ஒட்டி முடித்தான். அதைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது.

அதே போன்ற ஒன்றை, என் சின்ன வயதில், தூத்துக்குடியில் என் சித்தப்பா மூங்கிலும் வேட்டித்துணியும் வைத்துச் செய்தார். துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்தவர்; ஏதோ புத்தகத்தில் படம் பார்த்திருந்தார். எங்கள் மாடியிலிருந்து எதிர்வீட்டு முற்றத்துக்குக் கயிறு கட்டி அதை ஓடவிட்டபோது தெருவே கைதட்டியது.

எதிர்வீட்டு பிலோமி டீச்சர் அவரைக் கட்டிக்கொள்ள மறுத்திருந்தார். டீச்சரைப் பெண்பார்க்கத் தருவைகுளத்து ஆட்கள் வந்த அன்று, சித்தப்பா விமானத்தின் வயிற்றில் ஒரு பையைக் கட்டினார். உள்ளே அழுகிய சங்குச்சதை. டீச்சர் காப்பித் தட்டோடு முற்றத்துக்கு வந்ததும் விமானத்தைக் கயிற்றில் ஓடவிட்டு, பையின் முடிச்சை நூலால் இழுத்து அவிழ்த்தார்; பை டீச்சரின் தலையில் விழுந்து கிழிந்தது. பட்டுச்சேலையெல்லாம் புழுவும் ஊன்நீரும் வழிந்தன. நாற்றம் எங்கள் மாடிவரை ஏறியது.

சித்தப்பா சிரித்தார். பக்கத்தில் நின்ற அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டீச்சர் அண்ணாந்து அப்பாவைப் பார்த்தார். “அண்ணாச்சி, நீங்களுமா சிரிக்கிய?”

நடந்த கதையைக் கேட்டறிந்த மாப்பிள்ளையின் அம்மா, தன் முந்தானையாலேயே டீச்சரின் முகத்தைத் துடைத்தார். “ஏளா, இவனையா வேண்டாம்னு சொன்ன? நல்ல புத்திதான் உனக்கு. குளிச்சிட்டு வா, இன்னைக்கே பேசி முடிச்சிருவோம்.”

அன்று மதியம் அப்பா வழக்கம்போல் எனக்குச் சோறு உருட்டி நீட்டினார். அந்தக் கையிலிருந்து வாங்க எனக்கு அருவருப்பாக இருந்தது. இப்போதும் அவர் சத்தமாகச் சிரித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.