அண்ணாச்சியின் முழங்கால்

செம்பூரில் எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் அண்ணாச்சி முன்னாள் ராணுவக்காரர். பனிமலையில் காவல் நின்றபோது விழுந்து முழங்கால் போயிற்று. அதற்கான ஊன ஓய்வூதியம் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு, லேபர் கேம்ப் பகுதியிலுள்ள தன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம். எங்கள் கேட்டில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் வாட்ச்மேன் தூங்கிவிடுவார் என்பது குடியிருப்போர் சொசைட்டியின் கண்டுபிடிப்பு.

மனுவை எழுதியது நான். இத்தனை வருட எழுத்தில் பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான்: மருத்துவ அதிகாரியை நேரில் வந்து பார்க்கவும்.

ரயிலில் ஒத்திகை நடந்தது. நான்தான் அதிகாரி. "கோயீ தக்லீஃப்?" என்று கேட்டேன். ஏதும் கஷ்டம் உண்டா என்று. படி ஏற முடியாதது, ராத்திரி வீக்கம், குளிக்க உட்கார்ந்தால் எழ முடியாதது எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னார்.

"பிரமாதம் அண்ணாச்சி. அங்கயும் இப்படியே சொல்லுங்க."

"உங்ககிட்ட சொல்ல வருது தம்பி. உங்களப் பாத்தா ஆபீசர் மாதிரியா இருக்கு?"

அலுவலக வாசலில் குமாஸ்தா என்னை மறித்தார். அரசிடம் பதிவு பெற்ற உதவியாளர் மட்டுமே மனுதாரருடன் உள்ளே போகலாமாம். ஓய்வூதியத்தில் பங்கு கேட்கும் தரகர்களை ஒழிக்க வந்த விதி. நல்ல விதி. அதைப் பாராட்டி நானே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். குமாஸ்தா படித்திருக்கவில்லை.

அண்டை வீட்டுக்காரன் மாதிரி, காசு வாங்கவில்லை என்றேன். எல்லா ஏஜென்டும் அப்படித்தான் சொல்கிறான் என்றார். சரி, பதிவு பெற்றவர் எங்கே? ஒரே ஒருவர்தானாம், அன்று தாணேயில் முகாமாம். இன்று உள்ளே போகாவிட்டால் மனு தள்ளுபடி.

அண்ணாச்சி தனியாகப் போனார். சீக்கிரமே வந்துவிட்டார். சுவரைப் பிடித்தபடி வாசற்படி இறங்கினார்.

"என்ன கேட்டாங்க?"

"டாக்டரு யூனிபார்ம்ல இருந்தாவ தம்பி. தோள்ல நட்சத்திரம். தக்லீஃப் உண்டான்னு கேட்டாவ. எந்திச்சு நின்னுட்டேன்."

"நின்னு?"

"'நஹீ சாப்'னுட்டேன்."

"வலியச் சொல்லலையா?"

"ஆபீசர்கிட்ட அதப்போயி எப்படிச் சொல்ல?"

ஊனம் இல்லை என்று எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பதிவு பெற்றவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் காலை அண்ணாச்சி கேட்டில் நின்றுகொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"உயிர் போவுது தம்பி," என்று ஆரம்பித்தார். படி, வீக்கம், குளியல், ஒன்று விடவில்லை. ஒத்திகையைவிட நன்றாகவே சொன்னார்.