இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில் ஒரு கேசட்

எனக்குக் கல்யாணம் பேசியபோது பெண்ணின் சம்மதத்தைக் கேட்டார்கள். கேட்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். "உனக்குச் சம்மதமாம்மா?" என்று அவள் அப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து, "அப்பா இஷ்டம்" என்றாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும், ஆகா, என்ன அடக்கம் என்று பூரித்துப் போனார்கள். எனக்கு மட்டும் காபி தொண்டையில் நின்றது. அது அப்பா இஷ்டம், சரி. இவள் இஷ்டம் என்ன?

அது எண்பதுகளின் தொடக்கம். நான் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன், புதுச்சேரியில் ஒரு நூல் மில்லில் வேலை. பெண்ணுக்கு வில்லியனூருக்கு மேற்கே ஒரு கிராமம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அதே ஊரில்தான், சம்பந்தம் பேசி முடித்ததும் அக்காதான். இரண்டு பக்கமும் வேதக்காரக் குடும்பம், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் எங்கள் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். மூன்று ஓலையும் முடிகிற வரை நான் பெண் வீட்டுத் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

முதல் ஓலை வாசித்த அன்று அக்கா வந்திருந்தாள். தனியாக இழுத்துப் போய்க் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு என்னப் புடிச்சிருக்கா இல்லியா?"

"டேய், அதான் சரின்னுட்டாளே. இன்னும் இன்னாடா?"

"எங்க சரின்னா? அப்பா இஷ்டம்னா."

"என்னை அதுகூட யாரும் கேக்கல. உங்க மாமா மூஞ்சிய நான் கோயில் வாசல்லதான் மொதல்ல பாத்தேன். இப்ப இன்னா, செத்தா பூட்டேன்?"

"புடிக்காம கட்டிக்கினா காலம்பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருப்பா, நானும் பாத்துக்கினு இருக்கணும். மூணாவது ஓலைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும். இல்லன்னா பூசையில நானே எழுந்து தடை இருக்குதுன்னு சொல்லிடுவேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் சொன்னால் செய்துவிடுகிற ஜாதி என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நேரா கேட்டா அது வாயத் தொறக்காது. ஆனா பாட்டுன்னா உசுரு. அவ சித்தப்பா சொல்தா இல்ல? பிரான்சிலேருந்து ரெண்டு கேசட்டு போடுற பொட்டி எடுத்தாந்து குடுத்திருக்காரு" என்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம்.

அவ்வளவுதான், எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் எனக்குப் பிடித்த பாட்டாக நிரப்புவது. மறு பக்கத்தைக் காலியாக விடுவது. என்னைப் பிடித்திருந்தால் அவள் அதில் தன் பாட்டைப் பதிந்து அனுப்பட்டும், இல்லையென்றால் காலியாகவே அனுப்பட்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அடடா, எனக்கும் மூளை இருக்கிறது என்று நானே முதுகைத் தட்டிக்கொண்டேன்.

வில்லியனூர் கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்காரர் நான் ஒப்பித்த பாட்டுகளைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"இன்னாபா, மாதா பாட்டுங்கிற, டூயட்டுங்கிற, இந்தி டிஸ்கோங்கிற, கூத்துப் பாட்டுங்கிற, நாயனங்கிற. ஒரு ஆளுக்கா, ஊருக்கேவா?"

"ஒரு ஆளுக்குத்தான்."

"அந்த ஆளு தாங்குமா?"

மாதா பாட்டு முதலில். பெண்ணின் அம்மா பக்கத்தில் இருந்தாலும் பயமில்லை. அடுத்து, நான் பாடினால் மில்லில் நூல் அறுந்துபோகும் என்று மேஸ்திரி திட்டுகிற சினிமா டூயட். அப்புறம் காலைத் தரையில் வைக்க விடாத ஒரு இந்தி டிஸ்கோ. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே நக்கலடித்துப் பாடுகிற பாட்டு. கடைசியில் நாயனம், நீண்ட ஆலாபனை, கிட்டத்தட்ட பாதிப் பக்கத்தையே தின்றுவிடும். நான் ஆழமான ஆள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? அந்த நாயனத்தைக் கேட்டால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அதில் பொய் இல்லை.

அக்கா அந்தக் கேசட்டைப் பனித்திட்டுக் கடற்கரையில் வாங்கிய கருவாட்டுப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். நான் குதித்த குதிக்கு, "கருவாடு மணந்தா பாட்டு கெட்டாப் போவும்?" என்றாள்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. மில்லில் எனக்கு வேலை ஓடவில்லை. யார் எதைக் கேட்டாலும் இளித்தேன். மூன்றாவது ஓலைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா வந்தாள், கேசட்டை நீட்டினாள்.

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சா."

"எப்படிச் சிரிச்சா?"

"பல்லாலதான்."

ஓடிப்போய் மறு பக்கத்தைப் போட்டேன். ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல். ஒருவேளை கொஞ்சம் தள்ளி ஆரம்பித்திருப்பாள் என்று காத்திருந்தேன். ஸ்ஸ்ஸ். கடைசியிலாவது ஒன்று வைத்திருப்பாள் என்று காதைப் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டேன். டக்கென்று நின்றுவிட்டது. ஒன்றுமே இல்லை. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடா, காத்தப் போட்டுக் கேட்டுக்கினு கீற?" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிடிக்கவில்லை. தெளிவாகச் சொல்லிவிட்டாள், நான் கேட்டபடியே.

சரி, மனசு ஆற நாயனத்தையாவது கேட்கலாம் என்று கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மாதா பாட்டு அப்படியே இருந்தது. டூயட் ஒரு வரி ஓடியது, டக். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் ஆர்மோனியம் மாதிரி ஒன்றை இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டு உற்சாகமாகப் பாட ஆரம்பித்தான். இதென்னடா கூத்து! டிஸ்கோவை விட்டுவைத்திருந்தாள். கட்டியங்காரன் பாட்டு வந்தது, முடிந்தது, மறுபடியும் அதே பாட்டு வந்தது. இரண்டு தடவை பதிந்திருந்தாள்! அப்புறம் நாயனக்காரர் மூச்செடுத்தார். டக். வயல் தண்ணீர் சளசளக்க, நடுவில் ஒருத்தி இருமிக்கொண்டிருக்க, பெண்கள் கூட்டமாக நடவுப் பாட்டு பாடினார்கள். அது முடிந்த இடத்தில் என் நாயனத்தின் வால் கொஞ்சமாக எட்டிப் பார்த்துவிட்டு நின்றது.

என் நாயனம்! பிடிக்காவிட்டால் போகட்டும், அடுத்தவன் பாட்டை அழிக்க இவள் யார்? அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. சைக்கிளை எடுத்தேன். "டேய், இன்னும் ஒரு ஓலை கீதுடா!" என்று அம்மா தெருமுனை வரை கத்திக்கொண்டே வந்தாள். ஏரிக்கரையில் ஏறியவன் வில்லியனூர் தாண்டித்தான் மூச்சுவிட்டேன்.

அவள் வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்க வரக் கூடாதே?"

"அந்த நாயனத்த இன்னாத்துக்கு அழிச்ச?"

நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

"தூக்கம் வந்துச்சு" என்றாள்.

"அது எப்பேர்ப்பட்ட வாசிப்புன்னு தெரியுமா?"

"தெரியும். நல்லா இருக்குதான்னு திருப்பிப் போட்டுக் கேட்டேன். திரும்பவும் தூக்கம் வந்துச்சு."

"புடிக்கலன்னுதான் அந்தப் பக்கத்தக் காலியா அனுப்பிட்டியே, அப்புறம் என் பாட்டுல ஏன் கைய வெக்கிற?"

அவள் கையிலிருந்த மல்லாட்டை கீழே விழுந்தது. என்னை அப்போதுதான் நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். காபித் தட்டோடு நின்றவளுக்கு இவ்வளவு பெரிய கண் என்று நான் கவனித்திருக்கவில்லை.

"புடிக்கலன்னு யாரு சொன்னா? உங்க அக்கா சொன்னாங்க, ஒரு பக்கம் உங்க பாட்டு, ஒரு பக்கம் என் பாட்டுன்னு. அது இன்னா பாகப்பிரிவினை? உங்க பக்கம் ஓடறப்ப நான் வூட்டுக்கு வெளிய போய் நிக்கணுமா? அதான் எல்லாத்தையும் ஒரே பக்கத்துல சேத்தேன். எடம் பத்தல, தூங்குமூஞ்சிப் பாட்ட எடுத்துட்டேன்."

கோபம், நாயனம், ஏரிக்கரை எல்லாம் எங்கோ போய்விட்டன. உள்ளேயிருந்து அவள் அம்மா, "யாருடி அது?" என்று கேட்பது காதில் விழுந்தது. நான் சைக்கிள் மணியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அந்தக் காலிப் பக்கம்?" என்றேன்.

"இருக்கட்டுமே" என்றாள். "நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் புதுப் பாட்டே வராதா இன்னா?"